அட்டவணையில் சான் ஹோசேயைக் காணோம்

"மீனா, சான் ஹோசேயக் காணோம்மா."

காலை ஏழு மணி இருக்கும். ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில், எங்கள் வீட்டுச் சமையலறையில் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், என் மாமனார் ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்கிறார். மூக்குக் கண்ணாடி நெற்றியில். கையில் ஒரு காந்த அட்டை. முகத்தில் ரத்தமே இல்லை.

"சரியாப் பாருங்க மாமா. நவம்பர்ல இருக்கும்."

"மேல இருந்து கீழ பாத்தாச்சு, கீழ இருந்து மேலயும் பாத்தாச்சு. இல்லம்மா. ஆளையே தூக்கிட்டானுவ."

அந்த அட்டை, ஹூஸ்டன் நகரத்துக்குள் இருக்கும் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அட்டவணை. என் கணவர் செந்தில் அங்கேதான் எம்.எஸ். படித்தார். பழைய மாணவர்களுக்கு ஒவ்வொரு ஆகஸ்டும் தபாலில் ஒன்று வரும். எந்தச் சனிக்கிழமை எந்த ஊர் டீமோடு மேட்ச் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் ராகுகாலம் பார்க்கிற காலண்டரைவிட இதற்கு மரியாதை ஜாஸ்தி.

நான் வாங்கிப் பார்த்தேன். செப்டம்பர், அக்டோபர், நவம்பர். புதுப்புது ஊர்ப் பெயர்களாக இருந்தன. சான் ஹோசே இல்லை. தோசை கருகிய வாசனை வந்து, ஸ்மோக் அலாரம் கத்திய பிறகுதான் இருவரும் நகர்ந்தோம்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் டிரைவிங் டெஸ்ட் கூத்தைப் படித்துச் சிரித்தவர்கள் இந்த வாரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஃபுட்பால் மேட்ச் இல்லாமல் போனால், திருநெல்வேலியில் ரிட்டயரான ஒரு கவர்ன்மென்ட் சர்வேயருக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வந்துதான் சொல்ல முடியும்.

முப்பது அடிச் சங்கிலி

அத்தை காலமான பிறகு மாமா வருஷத்தில் ஆறு மாதம் எங்களோடு இருக்க ஆரம்பித்தார். ஆகஸ்டில் வருவார், பொங்கலுக்கு முன்னால் ஊருக்குப் போய்விடுவார்.

பேர்லேண்டில் கார் இல்லாதவர் கால் இல்லாதவர். நானும் செந்திலும் காலையில் ஃப்ரீவேயைப் பிடித்தால் திரும்ப ஆறரை, ஏழு ஆகும். அதுவரை மாமாவுக்கு டி.வி.தான் துணை. வாரக் கடைசியில் மீனாட்சி கோவிலுக்கு அழைத்துப் போவோம். அங்கேயும் பிராகாரத்தைக் காலடியால் அளந்து, "கிழக்க ஒரு முழம் குறையுது" என்பார். என்னத்தைச் சொல்ல.

முதல் வருஷம் ஒரு சனிக்கிழமை, டி.வி. முன்னால் எழுந்து நின்று கத்தினார். "ஏம்மா மீனா! ஓடி வா! சங்கிலி! சங்கிலி போடுதான்!"

பதறி ஓடினேன். திரையில் அமெரிக்க ஃபுட்பால். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதற்கு இவர்கள் வைத்த பெயர் அது. நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினார்களா இல்லையா என்று சந்தேகம் வந்தால், இரண்டு பேர் இரண்டு கம்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வருவார்கள். கம்புகளுக்கு நடுவில் ஒரு சங்கிலி. அதை இழுத்துப் பிடித்து அளப்பார்கள்.

"நம்ம சங்கிலி அறுவத்தாறு அடி. இது முப்பது. ஆனா புடிக்கிற லட்சணம் அதேதான் பாரு" என்று மாமா மெய்மறந்து சொன்னார். முப்பத்து நாலு வருஷம் வயலிலும் பொட்டலிலும் சங்கிலி இழுத்த மனிதர். ராக்கெட் விடுகிற தேசம், கடைசியில் ஒரு சங்கிலியைத்தான் நம்புகிறது என்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. செந்தில் தன் பழைய காலேஜ் மேட்சுக்கு அழைத்துப் போனார். ஊருக்கு நடுவில் மலை மாதிரி ஸ்டேடியம். கால்வாசி கூட நிரம்பாது. டீம் ஜெயிப்பதைவிடத் தோற்பதுதான் அதிகம். மாமாவுக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. சங்கிலி வருகிறதா என்று மட்டும் பார்ப்பார்.

கோமதி மதினி

இப்போது முக்கியமான ஆளுக்கு வருகிறேன்.

மாமாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கோமதி, என் கணவருக்கு அக்கா, எனக்கு மதினி. நான் கோயமுத்தூர்க்காரி, எங்கள் பக்கம் வேறு மாதிரி கூப்பிடுவோம். இந்த வீட்டுக்கு வந்த பிறகு மதினி என்று பழகிக்கொண்டேன்.

மதினியை நியூ ஜெர்சி மாப்பிள்ளைக்குக் கொடுத்தார்கள். பிஸ்கட்டவேயில் வீடு, மருந்துக் கம்பெனியில் வேலை. மாப்பிள்ளையின் அப்பா பாளையங்கோட்டையில் மாமாவோடு ஒரே ஆபீஸில் இருந்தவர், உயிர் சிநேகிதர்.

எனக்குக் கல்யாணமான வருஷம், மதினி ஒரு நாள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிஸ்கட்டவேயை விட்டுக் கிளம்பிவிட்டார். கலிபோர்னியாவில் ஒரு பழைய சிநேகிதி வீட்டில் இறங்கி, வேலை தேடி, பிறகு அங்கேயே டப்ளின் என்கிற ஊரில் தனியாக ஒரு அபார்ட்மெண்ட் எடுத்துக்கொண்டார். விவாகரத்தும் ஆயிற்று.

விஷயம் மாமாவுக்கு மகள் வாயால் தெரியவில்லை. சிநேகிதர் நடுத்தெருவில் நிறுத்தி, நாலு பேர் பார்க்கச் சொன்னார். அன்று மாமா ஒரு வார்த்தை விட்டார். "அவ என் வாசப்படி மிதிக்கக் கூடாது. நானும் அவ வாசப்படி மிதிக்க மாட்டேன்."

கோபத்தில் எல்லாரும் சொல்வதுதான். மற்றவர்கள் மறந்துவிடுவார்கள். மாமா சர்வேயர், நட்ட கல்லைப் பிடுங்க மாட்டார். மதினியும் அவர் பெற்ற பெண்ணாயிற்றே. "அப்பா கூப்பிடாம வர மாட்டேன், நானாப் போன் பண்ணவும் மாட்டேன்" என்று இருந்துவிட்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம்தான் வந்தது. அமெரிக்காவின் இரண்டு மூலையில் அப்பாவும் மகளும் உட்கார்ந்துகொண்டு, நடுவில் நானும் செந்திலும் தபால்காரர்கள்.

அந்த மாப்பிள்ளை என்ன செய்தார் என்று அப்போது எனக்கும் தெரியாது. அடித்தாரா, குடித்தாரா என்று ஊர் கேட்டது. இரண்டும் இல்லையாம். அப்புறம் ஏன் வந்தாள் என்று ஊர் தானே தீர்ப்பும் எழுதியது.

யார் பட்டாவும் இல்லாத இடம்

மாமா வந்த இரண்டாவது வருஷம், அட்டவணையில் நவம்பர் மாதத்தில் சான் ஹோசே என்று பார்த்தேன். மேட்ச் அங்கே. சான் ஹோசேயிலிருந்து டப்ளின் அரை மணி, முக்கால் மணி டிரைவ்தான்.

"மாமா, நம்ம டீம் கலிபோர்னியா போகுதுங்க. நாமளும் போலாமா?" என்று ஒன்றும் தெரியாதவள் போல் கேட்டேன்.

மாமா என்னை உற்றுப் பார்த்தார். அவர் என்ன சாதாரண ஆளா. மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டே சொன்னார். "ஸ்டேடியம் யார் பட்டாவும் கிடையாது. புறம்போக்கு. அங்க யாரும் வரலாம், போகலாம். நாம தடுக்க முடியாது."

நான் அடுப்பங்கரைக்குப் போய் அழுதுவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்த்தேன். மதினிக்கு டிக்கெட் நம்பரைச் சொன்னேன். எங்கள் வரிசையிலேயே இரண்டு சீட்.

அந்த முதல் மேட்சில் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மதினி ஒரு ஓரம், மாமா ஒரு ஓரம், நடுவில் நாங்கள். மதினியின் மகள் நிலாவுக்கு அப்போது நாலு வயசு. அவள்தான் எங்கள் மடிகளை எல்லாம் மிதித்துக்கொண்டு தாத்தாவிடம் போய், கையில் இருந்த பாப்கார்னை நீட்டினாள். மாமா ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் மேட்ச் ஹூஸ்டனில். ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே என்பதுதான் முறை. மதினி பிளேன் ஏறி வந்தார். எங்கள் வீட்டுக்கு வராமல் ஓட்டலில் தங்கினார். எனக்கு அவமானமாக இருந்தது. ஸ்டேடியத்தில் மாமா என் பக்கம் திரும்பி, "அது எத்தனை கஜம்னு அவகிட்டக் கேளு" என்றார். எனக்கு மறுபுறம் உட்கார்ந்திருந்த மதினி என் பக்கம் திரும்பி, "ஒன்பதரைன்னு சொல்லு" என்றார். நான் இரண்டு காதுக்கும் நடுவில் ஸ்பீக்கர் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அந்த மேட்சின் இடைவேளையில், பாத்ரூம் வரிசையில் நிற்கும்போதுதான் மதினி என்னிடம் சொன்னார். பிஸ்கட்டவே வீட்டில், உள்ளேயிருந்தும் சாவி போட்டால்தான் திறக்கும் பூட்டு. அந்த ஆள் தினமும் பூட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போவாராம். மதினி அதை மிகச் சாதாரணமாகச் சொன்னார். வரிசை நகர்ந்தது. நான் நகர மறந்து நின்றேன், பின்னால் இருந்த அம்மாள் தோளைத் தட்டினார்.

மூன்றாவது மேட்ச் மறுபடியும் சான் ஹோசேயில். நல்ல குளிர் காற்று. கடைசிக் கால்மணி ஆட்டத்தில் மாமா முன்னால் பார்த்தபடியே கேட்டார். "ஸ்வெட்டர் போடலியா?"

நான் "போட்டிருக்கேன் மாமா" என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்டது என்னை இல்லை.

"கார்ல இருக்குப்பா" என்றார் மதினி.

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் பார்க்கிங்கில் பிரியும்போது மாமா கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மகளைப் பார்த்து, "அடுத்த மேட்சுல ஒரு விஷயம் பேசணும்" என்றார்.

மதினி தலையை ஆட்டினார். ஹூஸ்டன் திரும்பும் பிளேனில் நானும் செந்திலும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்னும் ஒரே ஒரு மேட்ச், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தோம்.

தொகுதி மாறிப்போச்சு

அந்த அடுத்த மேட்சைத்தான் அட்டவணையில் காணவில்லை.

செந்தில் அன்று ஆபீஸுக்கு லேட்டாகப் போனார். கம்ப்யூட்டரைப் போட்டு, தன் சிநேகிதர்கள் இரண்டு பேருக்குப் போன் செய்து, விஷயத்தைத் தெரிந்துகொண்டு வந்து மாமா எதிரில் உட்கார்ந்தார்.

"அப்பா, நம்ம டீம் கான்ஃபரன்ஸ் மாறிட்டு."

கான்ஃபரன்ஸ் என்றால் பத்துப் பன்னிரண்டு காலேஜ் சேர்ந்த ஒரு கூட்டு. அதற்குள் இருப்பவர்கள்தான் முறை வைத்து மோதிக்கொள்வார்கள். தேர்தலுக்கு முன்னால் தொகுதி மறுசீரமைப்பு என்று கோடு போட்டு, பக்கத்து ஊர்க்காரரை வேறு தொகுதிக்குத் தள்ளிவிடுவார்களே, அதே கதை. சான் ஹோசே பழைய கூட்டிலேயே இருக்கிறது. ஹூஸ்டன் வேறு கூட்டுக்குப் போய்விட்டது.

"அப்ப இனிம சான் ஹோசேயோட மேட்ச்?"

"கிடையாதுப்பா."

"இந்த வருசமா?"

"இனிமே இல்லப்பா."

மாமா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு மாத்துனா?"

செந்தில் படித்துக்கொண்டு வந்ததைச் சொன்னார். கிழக்குக் கரையில் ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து மூன்று பெரிய டீம்கள் வேறிடத்துக்குத் தாவிவிட்டன. எல்லாம் டி.வி. காசு. ஆள் குறைந்த அந்த கான்ஃபரன்ஸ் இன்னொன்றிலிருந்து ஆள் பிடித்தது. அந்த இன்னொன்று எங்கள் கான்ஃபரன்ஸில் வந்து கை வைத்தது. அதில் ஹூஸ்டனும் போயிற்று. எத்தனையோ வருஷப் பரம எதிரிகள் எல்லாம் இனிமேல் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கப் போவதில்லை என்று அந்த ஊர்க்காரர்களே பேப்பரில் புலம்பிக்கொண்டிருந்தார்களாம்.

"மொதல்ல ஆள் குறைஞ்சுதே, அது எந்த ஊரு?"

செந்தில் தயங்கினார். "அதுல நிறைய ஊரு இருக்குப்பா. நம்ம பிஸ்கட்டவே டீமும் அதுலதான் இருக்கு."

நான் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். எங்கோ ஆரம்பித்த இடிப்பு, அந்த ஊர் வழியாகவா வந்து எங்கள் வீட்டைத் தொட வேண்டும்? மாமா அந்தப் பெயரைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். சாப்பிடாமலே போய்ப் படுத்துவிட்டார்.

"ஒரு போன் போட்டுப் பேசுங்க மாமா, மேட்ச் எதுக்கு?" என்று அன்று ராத்திரி அவர் அறைக்குப் போய்க் கெஞ்சினேன். கொஞ்சம் குரலை உயர்த்தியும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.

"என்ன சொல்லிக் கூப்பிட?" என்றார். மேட்ச் என்று சொல்லிக் கூப்பிடலாம். வேறு எதையும் சொல்ல அவருக்கு வாய் வராது என்று அப்போதுதான் புரிந்தது.

மனு

மூன்றாம் நாள் சனிக்கிழமை. மாமா குளித்து, திருநீறு பூசி, சட்டைப் பையில் பேனாவோடு வந்து டைனிங் டேபிளில் உட்கார்ந்தார்.

"மீனா, கம்ப்யூட்டர எடு. ஒரு மனு எழுதணும்."

"யாருக்குங்க மாமா?"

"கான்ஃபரன்ஸ் மேலதிகாரிக்கு. ஒரு எல்லைய மாத்தணும்னா, அதை ஒட்டி இருக்கவங்களுக்கெல்லாம் நோட்டீஸ் குடுக்கணும். ஆட்சேபணை உண்டான்னு கேக்கணும். அதுக்கப்புறம்தான் கல்லு நடலாம். எனக்கு யாரு நோட்டீஸ் குடுத்தா?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நாடே பார்க்கிற டி.வி. வியாபாரம். அதற்குத் திருநெல்வேலி சர்வேயர் ஆட்சேபணை மனு. செந்தில் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். சரி, கிழவர் மனசு ஆறட்டும் என்று லேப்டாப்பைத் திறந்தேன். அவர் தமிழில் சொல்ல வேண்டியது, நான் இங்கிலீஷில் தட்ட வேண்டியது.

அனுப்புநர், பெறுநர் எல்லாம் ஆயிற்று. "பொருள், முன்னறிவிப்பின்றி எல்லை மாற்றியமைத்தது, ஆட்சேபணை தெரிவித்தல், தொடர்பாக. பார்வை, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டப்பட்ட தங்கள் அட்டவணை."

இங்கே செந்தில் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"ஐயா. நான் மேற்படி ஹூஸ்டன் அணியின் மேட்சுகளைக் கடந்த சில வருஷமாகப் பார்த்து வருகிறேன். சான் ஹோசே அணியுடனான மேட்ச் மட்டும் எனக்கு மிகவும் அவசியமானது. காரணம் கீழ்க்கண்டவாறு."

தட்டினேன்.

"கலிபோர்னியா மாநிலத்தில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அவளை இந்த மேட்சில் மட்டுமே பார்த்து வருகிறேன். அவள் கணவனை விட்டுப் பிரிந்தபோது எனக்கு நோட்டீஸ் கொடுக்கவில்லை என்று நான் அவளோடு பேச்சை நிறுத்தினேன்."

என் விரல் மெதுவாயிற்று. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அது உண்மை அல்ல."

நிமிர்ந்து பார்த்தேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஆபீஸில் சொல்வது போலவே ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

"அவள் எனக்குப் போன் மூலமாக மூன்று முறை நோட்டீஸ் கொடுத்தாள். முதல் முறை, இங்கே முடியவில்லை அப்பா என்றாள். புது ஊர், பழகிவிடும் என்று பதில் சொன்னேன். இரண்டாவது முறை, கணவர் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறார் என்றாள். குளிர் ஊர், பாதுகாப்புக்காக இருக்கும் என்று பதில் சொன்னேன். மூன்றாவது முறை..."

"மாமா!" என்றேன். கத்தினேன் என்றே சொல்லலாம். பூட்டு விஷயம் இவருக்குத் தெரியுமா? இத்தனை வருஷமும் தெரியுமா? ஊரெல்லாம் மதினியைப் பேசியபோது, தெரிந்துகொண்டேவா இவர் தலையைக் குனிந்து நின்றார்? செந்தில் வாசல் பக்கம் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கும் அது அன்றுதான் தெரியும்.

"தட்டும்மா" என்றார் மாமா. "மூன்றாவது முறை அவள் ஒன்றும் சொல்லாமல் அழுதாள். டிரங்க் கால் காசு ஏறுகிறது, வை என்றேன். மூன்று மனுவையும் விசாரிக்காமல் தள்ளுபடி செய்தது நான். இதை அவளிடம் இந்த வருஷ மேட்சில் சொல்வதாக இருந்தேன். தாங்கள் மேட்சை எடுத்துவிட்டீர்கள். ஆகவே ஐயா அவர்கள் கருணைகூர்ந்து இந்த ஒரு வருஷம் மட்டுமாவது அந்த மேட்சை நடத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

எனக்கு எழுத்து தெரியவில்லை. கண்ணைத் துடைத்துத் துடைத்து அடித்தேன். அவர்மேல் கோபமா, பரிதாபமா என்று கேட்டால், அன்று கோபம்தான் அதிகம் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். போனில் மகள் அழும்போது காசைக் கணக்குப் பார்த்த மனிதருக்கு மூன்று வேளையும் தோசை வார்த்திருக்கிறேனே என்று தோன்றியது.

"கையெழுத்துக்கு எடம் விட்டாச்சா?"

"விட்டாச்சுங்க."

"கீழ நகல்னு போடு."

நம் ஊர் மனு எழுதியவர்களுக்குத் தெரியும். கலெக்டருக்கு எழுதினாலும் அடியில் நகல் என்று போட்டு, சம்பந்தப்பட்ட இன்னொருவருக்கும் ஒரு பிரதி அனுப்புவார்கள். "யாருக்குங்க மாமா நகல்?"

"பாதிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு. கோமதி சங்கரபாண்டியன்" என்று தன் பெயரையும் சேர்த்து ஆரம்பித்தவர், டப்ளின் அபார்ட்மெண்ட் நம்பர், தெருப் பெயர், ஜிப் கோடு எல்லாவற்றையும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். ஒரு தடவை போனதில்லை. ஒரு கடிதம் போட்டதில்லை. ஐந்து இலக்க ஜிப் கோடு மனப்பாடம்.

மூணு இல்லப்பா

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போஸ்ட் ஆபீஸ் போய், இரண்டு கவரையும் கையெழுத்து வாங்கி வரும் தபாலில் சேர்த்தேன். நாலைந்து நாளில் டப்ளினிலிருந்து ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. கோமதி மதினியின் கையெழுத்து. மாமா அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கான்ஃபரன்ஸிலிருந்து பதில் வரவில்லை. வரும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை என்றே இப்போது நினைக்கிறேன்.

மதினியிடமிருந்தும் ஒரு சத்தமும் இல்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. இதைப் படித்துவிட்டு ஒரேயடியாக வெறுத்துவிட்டாரோ என்று எனக்குப் பயம். தபாலில் சேர்த்த என் கையையே நொந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுப் போன் அடித்தது. மாமாவுக்குக் காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் எடுத்து, யாரென்று தெரிந்ததும் ஸ்பீக்கர் பட்டனை அமுக்கி அவர் முன்னால் வைத்தேன்.

"அப்பா" என்றார் மதினி.

மாமா எழுந்து நின்றுகொண்டார். போனுக்கு முன்னால் ஏன் எழுந்தார் என்று தெரியவில்லை.

"நகல் வந்துச்சு. படிச்சேன்."

"ம்."

"அதுல ஒரு தப்பு இருக்குப்பா. மூணு இல்ல. நாலு."

நான் செந்திலைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

மதினியின் குரல் உடையவில்லை. நிதானமாகத்தான் வந்தது. "கல்யாணமாகி மொத லீவுக்கு ஊருக்கு வந்தேன்லா. திரும்பிப் போகும்போது மெட்ராஸ் ஏர்போர்ட்டுல, எடை மெஷின் பக்கத்துல வச்சு உங்க கையைப் புடிச்சேன். 'அப்பா, நான் அங்க திரும்பிப் போகல. என்னைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னு சொன்னேன். இத்தனை வருசமும் என்ன நெனைச்சுக்கிட்டு இருக்கேன் தெரியுமா? ஏர்போர்ட்டு சத்தத்துல உங்களுக்குக் கேக்கலன்னு. கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டீங்கன்னு. அப்படியே நெனைச்சுக்கிட்டுத்தான் மேட்சுக்கெல்லாம் வந்தேன். இந்தக் காயிதத்துலயும் அது இல்ல. அப்ப நெசமாவே கேக்கலைல்லாப்பா?"

கேட்கவில்லை என்று சொல்லிவிடுங்கள் மாமா என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். ஒரு வார்த்தை. மதினி அத்தனை வருஷம் பிடித்துக்கொண்டிருந்த கொம்பு அது ஒன்றுதான். பொய்யாக இருந்தால்தான் என்ன.

மாமா போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"பெட்டி ரெண்டு கிலோ கூட இருக்குன்னு சொன்னேன்."

மாமா டேபிளில் கையை ஊன்றிக்கொண்டார்.

"நீ சொன்னது கேட்டுச்சும்மா. நல்லாவே கேட்டுச்சு. அதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். பருப்புப்பொடி பொட்டணத்த வெளிய எடுத்து வச்சுட்டு உன்னைய உள்ள அனுப்பிட்டேன். மத்த மூணையும் எழுதிட்டேன். அதை எழுத மட்டும் கை வரல."

செந்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் டேபிள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனில் மதினி அழுகிற சத்தம் கேட்டது. அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமா அதை நிறுத்தச் சொல்லவில்லை. அவசரப்படுத்தவில்லை. அழுகை அடங்கும் வரைக்கும், அது பத்து நிமிஷமா கால்மணியா தெரியாது, குனிந்த முதுகை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டே நின்றார்.

கடைசியில் மதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இருக்கீங்களாப்பா?" என்றார்.

"இருக்கேன். நீ சொல்லு. நான் வைக்க மாட்டேன்."